படுக மொழியை நிறுத்தினால் பையன் பேசுவானா?

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தாய் எட்டுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஊர், பெயர், ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு நான்கரை வயது. ஒன்றரை வயதில் "அவ்வெ", "நீரு", "பா" என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் சொன்னவன், இரண்டு வயது முடிவதற்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். போன வருஷம் கோவையில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். எது வேண்டுமென்றாலும் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அலமாரி முன் நிறுத்துகிறான். எப்போதாவது முழு வாக்கியமே வருகிறது, ஆனால் சம்பந்தமில்லாமல். தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்கிறான். அது பயிற்சி மையத்து ஆயா கேட்கும் கேள்வி. வீட்டில் உறவினர் கூடிவிட்டால் "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று கண்டக்டர் குரலில் கத்திக்கொண்டு ஓடுகிறான்.

வாரம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளையைத் துடைத்துக்கொண்டே மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை போகிறார். முக்கால் மணி நேரப் பயிற்சி. கதவு சாத்தியிருக்கும், அம்மா வெளியே பெஞ்சில். பச்சைத் தேயிலை போட்ட பணத்தில் பாதி இதற்கே சரியாகிவிடுகிறது. மையத்தில், மூன்று மொழி பிள்ளையைக் குழப்புகிறது, வீட்டில் படுக மொழியை அடியோடு நிறுத்தி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது. "அவங்க இப்ப அவன்கிட்ட பேசறதே இல்லை" என்று எழுதியிருக்கிறார். வேறொரு பயிற்சியாளர் கொடுத்த பட அட்டைகளை, "படத்தைக் காட்டிப் பழகினா ஊமையாவே போயிடுவான்" என்று சொல்லி மாமியார் பரண்மேல் போட்டுவிட்டார். பக்கத்துப் பள்ளியில் பேச்சு வந்த பிறகு எல்.கே.ஜி. தருகிறோம் என்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்று வாங்கினால் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்கிறார் கணவர். ஐந்து வயதுக்குள் பேசாவிட்டால் அப்புறம் பேச்சே வராதாமே, கோவையில் வாடகைக்கு வீடு பிடித்துப் போய்விடட்டுமா என்பது அவர் கேள்வி. கடிதத்தின் கடைசி வரி: "நான் இலை பறிக்கப் போகும்போது போனைக் கையில் குடுத்துட்டுப் போவேன். என்னாலதான் இப்படி ஆயிட்டானா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களால் இல்லை. ஆட்டிசம் போனால் வருவதில்லை, தடுப்பூசியால் வருவதில்லை, தாய் வேலைக்குப் போவதாலும் வருவதில்லை. மூளை வளரும் விதத்தில் பிறப்பதற்கு முன்பே தொடங்குவது அது. மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. போனைக் குறைக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. போன் பேசிக்கொண்டே போகும், பிள்ளையின் பதிலுக்காக நிற்காது. நீங்கள் நிற்பீர்கள்.

வந்த சொற்கள் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய்விடுவது ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களிடம் காணப்படுவதுதான். ஆனால் எட்டுப் பக்கத்தில் ஓரிடத்தில்கூடக் காது பரிசோதனை பற்றி ஒரு சொல் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது. சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்கிறான் என்பது போதாது. ஒலி காதிலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனையும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். செய்யவில்லையென்றால் அடுத்த பயிற்சிக்கு முன் அதுதான். திடீரென்று சில விநாடி வெறித்துப் பார்த்து நிற்பது, தூக்கத்தில் வெட்டி இழுப்பது ஏதாவது உண்டென்றால் குழந்தை மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். சொற்கள் போன பிள்ளைக்கு வலிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

படுக மொழி

இந்த அறிவுரையை நானும் கொடுத்திருக்கிறேன். பேச்சுப் பயிற்சித் தொழிலுக்கு வந்த புதிதில், வீட்டில் ஒரே மொழி என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்போது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது அப்படி. பிறகு வந்த ஆய்வுகள் அதற்கு ஆதரவாக இல்லை. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள், ஒரே மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளைவிடப் பின்தங்குவதில்லை என்றுதான் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

ஆய்வை விடுங்கள், உங்கள் மகனே சாட்சி. ஆயா பேசுவது தமிழ், அவள் கேட்டது தமிழிலேயே வருகிறது. கண்டக்டர் தமிழ், அதுவும் தமிழிலேயே வருகிறது. தொலைந்துபோன முதல் சொற்களோ படுக மொழியில் இருந்தன. எந்த மொழி எங்கே புழங்குகிறது என்பதை அவன் காது சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது.

நீங்கள் வீட்டில் பேசும் இங்கிலீஷையும் நினைத்துப் பாருங்கள். கம், சிட், ஈட், நோ. உங்கள் கடிதத்தில் வருபவை இவ்வளவே. அத்தனையும் கட்டளை. மழை வந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்வது, கோழியைத் திட்டுவது, அவனைக் கொஞ்சுவது, காய்ச்சலில் தலையைத் தடவிக்கொண்டு முணுமுணுப்பது எல்லாம் உங்களுக்குப் படுக மொழியில்தான் வரும். பிள்ளை பேச்சைக் கற்பது அந்தப் பேச்சிலிருந்து. மொழியைக் குறைக்கப் போய், வீட்டில் அவனோடு நாள் முழுக்க இருக்கும் ஒரே மனுஷியின் வாயை அடைத்துவிட்டோம். மாமியாரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்: ஹெத்தெ (பாட்டி) பழையபடி பேசலாம், பேச வேண்டும்.

உங்கள் பயிற்சியாளர் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. முதல் சொற்களைப் பழக்கும்போது ஒரே பொருளுக்கு ஒரே மூச்சில் "நீரு, தண்ணி, வாட்டர்" என்று மூன்றையும் அடுக்கக் கூடாது. வீட்டுக்குப் பதினைந்து சொற்களைப் படுக மொழியில் தேர்ந்தெடுங்கள். மையத்தில் அதே பொருளுக்குத் தமிழ் இருக்கட்டும். பதினைந்தையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பொருளோடு பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுங்கள். அவன் "ஹாலு" என்றால் பால் கேட்கிறான் என்று அவருக்குத் தெரியாவிட்டால், அது அர்த்தமில்லாத சத்தம் என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். அப்படி ஏறியதைப் பார்த்திருக்கிறேன்.

"தண்ணி வேணுமா?" என்பது அவனுடைய தமிழ்

சம்பந்தமில்லாத பேச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்திலேயே மிகுந்த நம்பிக்கை தந்த இடம் அதுதான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது, கிளிப்பிள்ளைப் பழக்கம் என்று அதட்டி நிறுத்த வேண்டிய ஒன்றாக முன்பு கருதப்பட்டது. 1980-களிலிருந்தே அதில் கேட்பது, மறுப்பது, தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்வது என்று பல வேலைகள் இருப்பதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். "தண்ணி வேணுமா?" என்ற ஓசை வந்தால் அடுத்த நொடி டம்ளர் வருகிறது. ஆக, டம்ளரை வரவைக்கும் ஓசை அது. அதைச் சொல்கிறான். இங்கிலீஷ் புத்தகங்களில் இந்தப் பிள்ளைகள் நான், நீ என்பதை மாற்றிச் சொல்வார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நம் பேச்சில் நானும் நீயும் பாதி நேரம் வாயிலேயே வருவதில்லை. அதனால் நம் பிள்ளைகளிடம் அது 'வேணுமா'வின் வாலில் வரும் கேள்வி 'ஆ'-வில்தான் மாட்டிக்கொள்கிறது. கண்டக்டர் வாக்கியமும் இதே மாதிரி. ஆள் நெருக்கும் இடத்தில், மூச்சு முட்டும் நேரத்தில் கேட்ட ஓசை அது. கூடம் நிறைந்துவிட்டது, எனக்கு முடியவில்லை என்று உங்களிடம் சொல்கிறான்.

இனி அவன் அப்படிக் கேட்டால் "தப்பு, சரியா சொல்லு" வேண்டாம். அவன் சொல்ல வேண்டியதை அவன் வாயாக நின்று ஒரு தரம் சொல்லுங்கள், "நீரு" என்று. கூடவே தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். திருப்பிச் சொன்னால்தான் தருவேன் என்று டம்ளரைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். கூட்டத்தில் கத்தினால் "கூட்டம். வெளியே போலாம்" என்பதை உங்கள் மொழியில் சொல்லி, கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போங்கள். நாலு தடவை நடந்தால் அந்த வாக்கியத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது என்று அவனுக்குப் புரியும்.

பரண்மேல் போன அட்டைகள்

மாமியாரின் பயம் புதிதில்லை. படித்த பெற்றோர்களும் என்னிடம் இதையே கேட்கிறார்கள். 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, படமும் சைகையும் போன்ற மாற்று வழிகள் கற்றுத்தரப்பட்டவர்களில் நம்பகமாகப் பதிவான 27 பேரைப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியது. அட்டையை ஊன்றுகோல் என்று நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோலைக் கொடுத்ததால் எவர் காலும் மடங்கிப் போவதில்லை.

ஆனால் அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று பரீட்சை வைப்பதற்கல்ல அது. அமெரிக்காவில் 1985-ல் உருவான பட மாற்று முறையில் முதல் படிக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே, கையில் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தோடு. இன்னொருவர் பின்னால், வாய் திறக்காமல். பிள்ளை பண்டத்துக்குக் கை நீட்டும்போது பின்னால் இருப்பவர் அந்தக் கையை மெல்ல அட்டைமேல் கொண்டுபோய், எடுத்து எதிரே இருப்பவரிடம் கொடுக்க வைப்பார். அட்டை கைக்கு வந்த கணமே பண்டமும் அதன் பெயரும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பின்னால் உட்காரும் ஆள் உங்கள் மாமியாராகவே இருக்கட்டும். பேரன் தானாக அட்டையை எடுத்து நீட்டும் நாளைத் தன் கையால் உணர்ந்தவரிடம் அப்புறம் வாதாட வேண்டியிருக்காது.

படங்களை உங்கள் வீட்டுப் பொருள்களையே போனில் எடுத்து அச்சிட்டு லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஜூலை மழையில் வெறும் அட்டை ஊறிப்போகும். 'போதும்', 'வெளியே' இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கேட்கக் கற்றுத்தந்துவிட்டு மறுக்கக் கற்றுத்தராமல் விடுவது அநியாயம். பின்னால் தேவைப்பட்டால், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். இப்போதைக்குக் காகிதம் போதும்.

குடிபெயர வேண்டுமா?

ஐந்து வயது என்பது கதவு சாத்தும் நேரம் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நான்கு வயதில் சொற்றொடராகப் பேசாத 535 ஆட்டிசப் பிள்ளைகளை எட்டு வயதிலும் அதற்கு மேலும் பார்த்தார்கள். 70 சதவீதம் பேர் சொற்றொடர் அளவுக்கு வந்திருந்தார்கள், 47 சதவீதம் பேர் சரளமாகவே பேசினார்கள். மீதிப் பேரும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன். உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது. "ஆறு மாசத்துல பேச வச்சுடறேன்" என்று யாராவது சொன்னால் செருப்பைத் தேடுங்கள், கிளம்புவதற்கு.

கோவைக்குப் போனால் வாரம் நான்கைந்து பயிற்சி கிடைக்கலாம், பயணம் மிச்சமாகும். ஆனால் கணவர் தோட்டத்தோடு மேலே, நீங்கள் பிள்ளையோடு கீழே, பெண் எங்கே என்பதை எழுதவே இல்லை நீங்கள். வாடகையும் சேர்ந்தால் பணம் எத்தனை மாதம் தாங்கும்? பாட்டி, கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், அவனுக்குப் பழகிய மண் எல்லாம் போய் ஓர் அறையும் ஒரு டிவியும் மிஞ்சும். என் கருத்து, இப்போது வேண்டாம். ஆறு மாதம் வேறு விதமாகச் செய்துபார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஒரு சோதனை நடத்தி 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். நிபுணர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய்ப் பெற்றோருக்குக் கற்றுத்தந்தார்கள், பிள்ளையோடு பேசும் விதத்தை. பிள்ளைகள் தாமாகத் தொடங்கும் தொடர்பு கூடியது. ஆகவே சாத்திய கதவுக்கு வெளியே நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் என் பெரிய ஆட்சேபம். உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். வாரத்துக்கு ஒன்றை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, அந்த நேரத்தில் பாதியை உங்களுக்குக் கற்றுத்தரச் செலவிடச் சொல்லுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு மூன்று இலக்கு எழுதி வாங்குங்கள். நடுவில் வீட்டில் நடப்பதை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போகும்போது அனுப்புங்கள். இதற்கெல்லாம் முடியாது என்றால் பயிற்சியாளரை மாற்றுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவெண் இருக்கிறதா என்று கேட்பதும் மரியாதைக் குறைவில்லை. ஊட்டி அரசு மருத்துவமனையில் ஆரம்ப நிலைப் பயிற்சி மையம் பற்றியும், கோத்தகிரி வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் பற்றியும் விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடு வள மையத்தின் திட்டத்தில் உண்டு.

முழுமையான மதிப்பீடு ஒரு முறை வேண்டுமென்றால் மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. காதுப் பரிசோதனையும் அங்கேயே முடியும். இன்னொரு வசதி, படுக மொழி கன்னடத்துக்கு நெருக்கம். அவன் "ஹாலு" என்றால் அங்கே எவரும் பொருள் கேட்க மாட்டார்கள். பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும், அதற்கேற்பக் கிளம்புங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதைப் பயிற்சி நேரம் என்று தனியாக ஒதுக்காதீர்கள். குளியல், சாப்பாடு, தோட்டத்துக்குப் போகும் வழி, தூக்கம், இந்த நாலு வேளை போதும்.

கேள்வியைக் குறையுங்கள்: "இது என்ன, அது யாரு" என்பதை விட்டு, அவன் பார்ப்பதைப் பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள். தேயிலைக் கொழுந்தை உருட்டிக்கொண்டிருந்தால் அதன் பெயர்.

காத்திருங்கள்: சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பிஸ்கட் டப்பாவை மூடியோடு கையில் கொடுத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்து உட்காருங்கள். ஒரு பார்வை, ஒரு முனகல் வந்தாலும் அது பேச்சுதான், திறந்துவிடுங்கள்.

ஒன்று கூட்டுங்கள்: அவன் ஒரு சொல் சொன்னால் நீங்கள் இரண்டு. ஐந்து வேண்டாம்.

பள்ளியும் சான்றும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவுப்படி, அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம் பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும். பேச்சு வந்தால் சேர்க்கிறேன் என்பது பாகுபாடுதான். ஆனால் 31-ஆம் பிரிவு தரும் இலவசக் கல்வி உரிமை ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அதுவும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்று உள்ளவர்களுக்கு. அதனால் எல்.கே.ஜி.க்கு இப்போதே சண்டைக்குப் போவதைவிட, ஹட்டியிலேயே அங்கன்வாடி இருந்தால் இன்றே சேர்த்துவிடுங்கள், அங்கே அவன் மொழி பேசும் பிள்ளைகள் இருப்பார்கள். பள்ளிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல பள்ளிகள் குரலை மாற்றிக்கொள்ளும். மாற்றாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் போகலாம்.

சான்றைப் பற்றிக் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். அது வீட்டு வாசலில் ஒட்டும் நோட்டீஸ் இல்லை. பீரோவில் இருக்கும், வேண்டிய இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். சிறு வயதில் பெரும்பாலும் தற்காலிகமாகவே தருவார்கள், பிறகு மறு மதிப்பீடு உண்டு. அது இருந்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிக் கட்டணத்துக்கும் அதில் ஓர் உள்வரம்பு உண்டு. மற்றபடி, நான்கரை வயதுப் பிள்ளை கண்டக்டர் மாதிரி கத்திக்கொண்டு ஓடுவது ஹட்டி முழுக்கத் தெரியும். சான்று வந்து யாருக்கும் புதிதாகச் சொல்லப்போவதில்லை. பெண்ணின் கல்யாணப் பேச்சு வரும்போது தம்பியைப் பற்றி நேராகச் சொல்லுங்கள்.

வசம்பை நாக்கில் தேய்ப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதை நிறுத்திவிடுங்கள். நாக்குக்கு அடியில் நரம்பு வெட்டினால் பேச்சு வரும் என்று யாரோ சொன்னதும் வேண்டாம், முழு வாக்கியம் பேசும் வாயில் நாக்குத் தடை இல்லை. ஸ்டெம் செல் ஊசி பற்றி விளம்பரம் வந்தால் ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கப்படவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியமே 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று பத்தி போடுங்கள்: அவன் என்ன சொன்னான், அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். ஒரு மாதம் எழுதி எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாமியார் அவனிடம் சொன்னதை மொழிபெயர்க்க வேண்டாம், அவர் சொன்னபடியே படுக மொழியில் எழுதுங்கள். தெரியாத சொல்லை நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.